தெரிந்திருந்தால் வந்திருப்பான்

என் அக்கா பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் 31 மதிப்பெண் எடுத்தார். தேர்ச்சிக்கு 35 வேண்டும். மற்ற நான்கு பாடங்களிலும் தேறியிருந்தும் அந்த 4 மதிப்பெண் குறைந்ததால் அவருடைய படிப்பு நின்றது. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டி எழுதியும் தேறவில்லை. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அக்கா கடைத்தெருவில் இருந்த தையல் கடைக்குக் காஜா எடுக்கப் போகத் தொடங்கினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அவருடைய ஆங்கில இலக்கண நோட்டு என் கைக்கு வந்தது. பழுப்புத்தாள் அட்டை போட்ட நீள நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே பெயர், வகுப்பு, பிரிவு. உள்ளே ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்று இரண்டு பத்திகளாகக் கோடு கிழித்து, நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்களை இடமிருந்து வலமாக மாற்றி எழுதியிருந்தார். ‘தி கேட் கில்ட் தி ராட்’ என்பது ‘தி ராட் வாஸ் கில்ட் பை தி கேட்’ ஆகியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் சரி என்ற குறி. நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து தேடியும் அந்தப் பக்கங்களில் ஒரு பிழையைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வாக்கியங்களைப் பிழையில்லாமல் மாற்றத் தெரிந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் எப்படித் தோற்றார் என்ற கேள்வி அன்று மனதில் விழுந்தது. இன்று நானே ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன்; அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

தேர்வு முறையில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. எங்கள் காலத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2019–20 கல்வியாண்டில்தான் அவை ஒரே தாளாக ஆயின. வாக்கியத்தை மாற்றும் கேள்விகள் அந்தத் தாள்களில் ஒன்று, இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும். மீதியெல்லாம் பாடக் கேள்வி, செய்யுள் கேள்வி, பாராகிராஃப், கடிதம். இவற்றை எல்லோரும் உருப்போட்டுத்தான் எழுதினோம். அக்கா நெட்டுருப் போட்டிருந்த பாராகிராஃப் வராமல் அதே பாடத்திலிருந்து வேறு கேள்வி வந்தது. கேள்வி என்ன கேட்கிறது என்பது புரியாததால், தனக்குத் தெரிந்த பாராகிராஃபையே அதற்கு விடையாக எழுதிவிட்டு வந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம்கூட இருக்காது; வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது போலத்தான் சொல்வார்.

ஆனால் நான் தேடிய விடை அது இல்லை. அந்த நோட்டை வைத்துக்கொண்டு நானும் அதே வாக்கியங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆப்ஜெக்டை முன்னால் கொண்டு வா, பீ வெர்பைப் போடு, வினையை மூன்றாம் வடிவத்துக்கு மாற்று, பை போட்டு சப்ஜெக்டைக் கடைசியில் வை என்ற வாய்ப்பாடு எனக்கும் தூக்கத்தில் வரும். எதற்காக ஒருவர் பூனை எலியைக் கொன்றது என்பதை விட்டுவிட்டு எலி பூனையால் கொல்லப்பட்டது என்று சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாளிதழ் மேசை ஒன்று உண்டு. தினத்தந்திக்கு எப்போதும் நான்கைந்து பேர் காத்திருப்பார்கள். ஒருவர் நடுத்தாளை உருவிக்கொள்வார், இன்னொருவர் கடைசிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். தி இந்து நாளிதழ் மடிப்புக் கலையாமல் கிடக்கும். காத்திருக்கும் நேரத்தில் அதை எடுத்துப் புரட்டுவேன். ஒருநாள் இரண்டிலும் ஒரே செய்தி. எங்கள் பக்கத்து ஊரில் மணல் அள்ளியதாக மூன்று பேரைப் பிடித்திருந்தார்கள். தமிழில் ‘மூவர் கைது செய்யப்பட்டனர்’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் ‘த்ரீ மென் வேர் அரெஸ்டட்’. நான் வாய்ப்பாட்டை நம்பி ‘பை’ எங்கே என்று தேடினேன். செய்தியின் கடைசி வரை அது வரவில்லை. தமிழ்ச் செய்தியிலும் ‘காவல்துறையினரால்’ என்ற சொல் இல்லை. கைது செய்வது யார் என்பது ஊரறிந்த விஷயம், அதை எதற்குச் சொல்ல வேண்டும்? செய்தவரைச் சொல்லத் தேவையில்லாதபோது, அல்லது சொல்ல விரும்பாதபோது, அல்லது செய்தவர் யாரென்றே தெரியாதபோது இந்த வாக்கியம் பிறக்கிறது என்பது அந்த மேசையில் எனக்கு விளங்கியது. அப்படியானால், எங்கள் நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒட்டவைத்த அந்தப் ‘பை’தான் உண்மையான ஆங்கிலத்தில் பெரும்பாலும் இல்லாத உறுப்பு.

நூலகத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே டீக்கடை. அங்கே அதே செய்தியை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “மூணு பேரப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்களாம்.” பிடித்தது யார் என்று அவரும் சொல்லவில்லை. எழுத்துத் தமிழ் ‘செய்யப்பட்டனர்’ என்று சொல்வதைப் பேச்சுத் தமிழ் வெறும் ‘ஆங்க’ என்ற விகுதியால் சொல்லிவிடுகிறது. “கரண்ட நிறுத்திட்டாங்க”, “ரோட்ட வெட்டிப் போட்டிருக்காங்க” என்று நாள்தோறும் நாம் பேசுவதெல்லாம், ஆங்கிலத்தில் எழுதினால் பெரும்பாலும் பாஸிவ் வாய்ஸாகவே இயல்பாக வரும். இன்று வகுப்பில் இந்தப் பாடத்தை நான் பூனை, எலியிலிருந்து தொடங்குவதில்லை. உங்கள் தெருவில் என்னென்ன செய்திருக்கிறார்கள், செய்தவர் பெயரைச் சொல்லாமல் ஐந்து வாக்கியம் தமிழில் சொல்லுங்கள் என்றுதான் தொடங்குகிறேன். கை தூக்காத பிள்ளை இருப்பதில்லை.

தமிழ் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை படித்தோம். நேர்க்கூற்று, அயற்கூற்று படித்தோம். தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர், கலவைத் தொடர் படித்தோம். அடுத்த மணி அடித்ததும் ஆங்கில ஆசிரியர் வந்து இதே சங்கதிகளை வேறு பெயரில் நடத்தினார். இரண்டும் ஒரே இலக்கணக் கருத்தின் இரண்டு முகங்கள் என்று தமிழ் ஐயாவும் சொல்லவில்லை, ஆங்கில சாரும் சொல்லவில்லை. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரை நானாகப் பதினைந்து வயதில் இடித்துப் பார்த்த அனுபவத்திலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அடுத்து இடித்தது ஆர்ட்டிகிள். ‘எ’, ‘ஆன்’, ‘தி’ மூன்றையும் எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தீராத தலைவலி, ஏனென்றால் தமிழில் அப்படி ஓர் உறுப்பு இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உறுப்பு இல்லை என்பது உண்மை. அது செய்யும் வேலை தமிழில் இல்லை என்பது உண்மையில்லை. பாட்டி கதை சொல்லத் தொடங்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டியாம்.” முதல் முறை ராஜா கதைக்குள் நுழையும்போது ‘ஒரு’, இரண்டாம் முறை, கேட்பவருக்கு அவரைத் தெரிந்துவிட்ட பிறகு, ‘அந்த’. ‘எ கிங்’ என்று நுழைந்தவர் அடுத்த வாக்கியத்தில் ‘தி கிங்’ ஆவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பாட்டி எந்தக் கதையிலும் “அந்த ஊர்ல அந்த ராஜா இருந்தாராம்” என்று தொடங்கியதில்லை. தொடங்கினால் குழந்தை உடனே “எந்த ஊர்ல?” என்று கேட்கும்.

இதைவிட நுட்பமான ஒன்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. ‘புத்தகம் படித்தேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு. முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். பொழுது போவதற்குப் படித்தேன் என்பது போல. இரண்டாவதில் உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். அஃறிணைச் சொல்லோடு சேரும் இந்த இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’, தமிழில் ‘தி’ செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்துகொண்டிருக்கிறது. “தண்ணி குடி” என்பதற்கும் “தண்ணியக் குடி” என்பதற்கும் வேறுபாடு தெரியாத குழந்தை தமிழ்நாட்டில் இருக்காது. இரண்டாவதைச் சொன்னால், எதிரில் வைத்திருக்கும் டம்ளரைத்தான் அது பார்க்கும். சூரியனுக்கு ஏன் ‘தி’, நாட்டின் பெயருக்கு ஏன் பெரும்பாலும் ‘தி’ இல்லை என்ற கேள்விகளுக்கு இந்த ஒப்பீடு முழு விடை தராது. அவற்றைப் படித்துப் படித்துப் பழகத்தான் வேண்டும். ஆனால், எதற்காக ஒரு மொழி இந்த வேறுபாட்டைக் காட்ட மெனக்கெடுகிறது என்பது விளங்கிவிட்டால் பிழைகளில் பெரும்பாதி குறைந்துவிடுகிறது என்பதை விடைத்தாள் திருத்தும்போது கண்ணால் பார்க்கிறேன்.

காலங்களில் என்னை நெடுநாள் அலைக்கழித்தது பர்ஃபெக்ட் டென்ஸ். ‘ஹாவ்’ என்றால் வைத்திருப்பது என்று அகராதி சொல்கிறது. ‘ஐ ஹாவ் கம்’ என்றால் வருகையை வைத்திருக்கிறேன் என்றா பொருள்? அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ‘வந்திருக்கிறேன்’ என்ற சொல். அதைப் பிரித்துப் பாருங்கள்: வந்து, இருக்கிறேன். வருவது முடிந்துவிட்டது, அதன் விளைவாக இப்போது இங்கே இருக்கிறேன். நடந்தது நேற்றானாலும் வாக்கியம் இன்றைப் பற்றியது. ‘ஹாவ் கம்’ சொல்வதும் அதைத்தான். ‘வந்திருந்தேன்’ என்றால் ‘ஹேட் கம்’. துணைவினை ‘இரு’வின் காலம் மாறுகிறது, அங்கே ‘ஹாவ்’வின் காலம் மாறுகிறது. இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்த அன்று நான் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் காஜா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “இதச் சொல்லித்தர ஒரு வருசமா?” என்றார்.

எல்லா இடத்திலும் பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வந்திருக்கிறார்’ என்று தமிழில் சொல்லலாம். நான் பார்க்கவில்லை, வாசலில் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்ற ஊகம் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹாஸ் கம்’ உடன் ‘யெஸ்டர்டே’ சேராது. அதேபோல, ‘பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் ‘ஹாவ் பீன்’ போட்டுச் சொல்வார்கள். எங்கள் மாணவர்கள் விடைத்தாளில் எழுதும் ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பது கவனக்குறைவால் வரும் பிழை இல்லை. தமிழின் ஒழுங்கைப் பிசகாமல் ஆங்கிலத்தில் பின்பற்றியதால் வரும் பிழை. அதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. எந்த ஒழுங்கிலிருந்து அது வந்தது என்று எடுத்துக்காட்டினால், பிள்ளை தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்ளாமல் திருத்திக்கொள்கிறது.

சொற்களுக்கு வருகிறேன். வீட்டில் இருந்த லிஃப்கோ அகராதியை வைத்துக்கொண்டு தினமும் பத்துச் சொல் என்று கணக்குவைத்து நானும் படித்தேன். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். மாதக் கடைசியில் முந்நூறு சொல் எழுதியிருப்பேன். எதையும் வாக்கியத்தில் வைக்கத் தெரியாது. சொல் தனியாக வாழ்வதில்லை என்பதை நாம் தமிழில் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, இடி இடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது. காற்று பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று விளக்கவும் முடியாது. மழை என்ற சொல்லைக் கற்றபோதே பெய்வதையும் சேர்த்துக் கற்றோம். ஆங்கிலத்திலும் மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. நம் செய்திகளிலும் கனமழை, பலத்த காற்று. டீயோ இரண்டு மொழியிலும் ‘ஸ்ட்ராங்’; ஆங்கிலம் தெரியாதவர்களும் கடையில் “ஸ்ட்ராங்கா ஒரு டீ” என்று கேட்கிறார்களே தவிர ‘ஹெவி’யாக ஒரு டீ கேட்பதில்லை. ஆகவே, பிள்ளைகளின் சொல் நோட்டில் ஒற்றைச் சொல்லை நான் அனுமதிப்பதில்லை. ‘மிஸ்டேக்’ என்று எழுதினால் ‘மேக் எ மிஸ்டேக்’ என்று எழுத வேண்டும்; ‘ஹோம்வொர்க்’ வந்தால் ‘டூ’ அதனோடு வர வேண்டும்.

நாம் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்கள் ஒரு செல்வம், சில இடங்களில் ஒரு கண்ணி. ‘கரண்ட்’ என்றால் நமக்கு மின்சாரம். ஆகவே ‘தி கரண்ட் வென்ட்’ என்று எழுதுகிறோம். ‘ஹோட்டல்’ என்றால் நமக்குச் சாப்பிடும் இடம். ஆங்கிலக் கதையில் ஒருவர் ஹோட்டலில் நான்கு நாள் தங்கினார் என்று வந்தால் பிள்ளைகள் திகைக்கிறார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தமே இல்லாத சொற்களைக் கண்டு அவர்கள் சலித்துக்கொள்ளும்போது ஒன்று சொல்வேன்: கத்திக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை ஒரு காலத்தில் உச்சரித்தார்கள், இரவுக்கான சொல்லின் நடுவில் இருக்கும் இரண்டு ஊமை எழுத்துகளுக்கும் ஒலி இருந்தது. 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் வந்தது. அதன் பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது, நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போனது. இதைக் கேட்ட பிறகும் எழுத்துக்கூட்டல் எளிதாகிவிடாது. ஆனால், தம்மை ஏமாற்றுவதற்காக யாரும் அப்படி எழுதவில்லை என்ற ஆறுதல் கிடைக்கிறது.

வாசிப்பைப் பற்றி எழுதத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

பள்ளியில் வாசிப்பு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் வாசிப்பு இல்லை. பாடத்தை ஆசிரியர் ஒரு வரி படிப்பார், தமிழில் பொருள் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். பிள்ளைகள் காதால் தமிழ்க் கதை ஒன்றைக் கேட்கிறார்கள். கண்கள் ஆங்கில எழுத்துகளின் மீது சும்மா கிடக்கின்றன. தெரியாத பத்தியைக் கொடுத்து விடை எழுதச் சொல்லும் கேள்விக்கு நாங்கள் கற்ற உபாயம் இது: கேள்வியில் உள்ள பெரிய சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுது. மதிப்பெண் விழுந்துவிடும். பத்தி மீனவரைப் பற்றியதா, விண்வெளியைப் பற்றியதா என்று தெரியாமலே ஐந்துக்கு நான்கு வாங்கியிருக்கிறேன்.

உண்மையாக வாசிக்கத் தொடங்கியபோது முட்டியது வாக்கியத்தின் நீளம். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். ‘நேற்று சந்தையில் என் மாமா வாங்கிய வெள்ளை மாடு’ என்று அடைமொழிகளையெல்லாம் முன்னால் அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் மாட்டை நிறுத்துவோம். அதுவரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கப் பழகிய காது நம்முடையது. ஆங்கிலத்தில் மாடு முதலில் வந்துவிடும். யார் வாங்கியது, எங்கே, எப்போது என்பதெல்லாம் அதன் பின்னால் ஒவ்வொன்றாகத் தொங்கும். வினையும் சீக்கிரமே வந்துவிடும். நானோ முற்றுப்புள்ளி வரை ஓடி, கடைசிச் சொல்லில் வினையைத் தேடிக்கொண்டிருந்தேன். நூலகத்தில் கழித்துக்கட்டிய பழைய தாள்களை நூலகரிடம் கேட்டு வாங்கிவந்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் முதன்மை வினை எது என்று பென்சிலால் அடிக்கோடிட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. பொருள் தெரியாவிட்டாலும் அடிக்கோடு மட்டும். இரண்டு மாதத்தில் கண் தானாக வினையைப் பிடிக்கத் தொடங்கியது. பிடித்ததும், யார் செய்தது என்று இடப்பக்கமும் எதை, எங்கே என்று வலப்பக்கமும் பார்த்தால் வாக்கியம் தானே விரிந்தது. தலைப்புச் செய்திகள் மட்டும் குழப்பின. நேற்றுக் கவிழ்ந்த படகைப் பற்றி நிகழ்காலத்தில் எழுதியிருப்பார்கள். அது தலைப்புக்கென்று இருக்கும் தனி வழக்கம் என்று தெரியாமல், அச்சுப்பிழை என்றே நினைத்திருந்தேன்.

நாளிதழ் எனக்கு உதவியது என்றாலும், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். வரிக்கு மூன்று தெரியாத சொல் இருந்தால் யாருக்கும் வாசிப்பு நடக்காது; அகராதி புரட்டுவதுதான் நடக்கும். ஒரு கதையைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றில் சுமார் 98 சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இதை உணர்ந்தவர் மைக்கேல் வெஸ்ட். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய ஆங்கிலேயர். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் புதுச்சொற்கள் திணிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அரிய சொற்களை நீக்கி, பழகிய சொற்களுக்கு இடையில் புதுச்சொல்லை இடைவெளிவிட்டு நடும் வாசிப்பு நூல்களை அவர் உருவாக்கினார். அடிக்கடி பயன்படும் ஏறத்தாழ 2,000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்த அவருடைய பட்டியல் 1953இல் வெளிவந்தது. இன்றும் மொழி ஆசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அவர் சொன்னவற்றில் என் நெஞ்சில் தைத்தது வேறொன்று. பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பலர் கடைசி வகுப்பு வரை வரப்போவதில்லை. நடுவிலேயே நின்றுவிடப்போகும் பிள்ளைக்கு, நின்ற அன்று கையில் என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சரண்டர் வேல்யூ’. எல்.ஐ.சி. பாலிசியை முதிர்வுக்கு முன் முறித்தால் கைக்கு வரும் தொகைக்கு நாம் சொல்லும் அதே சொல். ஓரளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்த ஓரளவைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் வாசிக்கும். ஆகவே முதலில் வாசிப்பைக் கொடுங்கள் என்பது அவருடைய வாதம்.

இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது அக்கா. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பதற்றத்தோடு என்னிடம் வந்தார். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. ‘யுவர் அக்கவுண்ட் ஹாஸ் பீன் டெபிட்டட்’ என்று தொடங்கியது. “பணம் வந்திருக்கா, போயிருக்கா?” என்று கேட்டார். அந்த வாக்கியம் பாஸிவ் வாய்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட பாஸிவ் வாய்ஸ் வாக்கியங்களைப் பிழையில்லாமல் எழுதிய அதே கையில் அந்தக் கைப்பேசி இருந்தது. அத்தனை ஆண்டு ஆங்கிலப் படிப்பை முறித்தபோது அவர் கைக்கு வந்த தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்த தருணம் அது. அதில் அவர் தவறு எதுவும் இல்லை. கொடுத்த பயிற்சியையெல்லாம் செய்தார். கொடுத்தவை வாசிப்பதற்கு உதவாத பயிற்சிகள்.

வேறு மாதிரியாகவும் நம் ஊரிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ்.பிரபு பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தினார். இலக்கண விதியையும் வாய்ப்பாட்டையும் முன்வைக்காமல், ரயில் கால அட்டவணையையோ ஒரு வரைபடத்தையோ பிள்ளைகளிடம் கொடுத்து, எந்த வண்டியைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பது போன்ற கணக்குகளை ஆங்கிலத்தில் யோசித்து விடை காணச் செய்தார்கள். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது வடிவம் உள்ளே படியும் என்பது அவருடைய நம்பிக்கை. இலக்கணத்தை வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டாம் என்ற அளவுக்கு நான் அவரோடு போக மாட்டேன். பதினைந்து வயதில் காரணம் தெரிந்துகொள்வதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதை ஏன் பறிக்க வேண்டும்? ஆனால், ஒரு வாக்கியம் ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்பதில் முழுச் சம்மதம். நம் பத்தாம் வகுப்புத் தேர்விலும் அப்படி ஒரு கேள்வி உண்டு. சாலை வரைபடத்தைக் கொடுத்து, புதிதாக வந்த ஒருவருக்கு வழி சொல்லச் சொல்வார்கள். வேலை செய்யும் மொழிக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டாம். அதற்கும், வரைபடத்தைப் பார்க்காமலேயே எழுதிவிடக்கூடிய ஐந்து வரிகளை உருப்போட வைத்துவிட்டோம். நான் பிள்ளைகளைப் பள்ளி வாசலுக்கு அழைத்துப் போய், பேருந்து நிலையம் வரை வழி எழுதச் சொல்வேன். ஒருவர் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் மனதுக்குள் நடந்து பார்க்க வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம் மாறிப்போனால் ஆள் குளக்கரையில் போய் நிற்பார். அந்தப் பிழையை நான் திருத்த வேண்டியதில்லை.

ஆங்கில வகுப்பில் ஒரு சொல்கூடத் தமிழ் பேசக் கூடாது, பேசினால் அபராதம் என்று விதி வைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. வரிக்கு வரி தமிழிலேயே நடத்திமுடிக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. இரண்டுமே பிள்ளையின் தமிழை வீணடிக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். முன்னது அதைக் குற்றமாக்குகிறது, பின்னது அதை ஊன்றுகோலாக்கி நடக்கவிடாமல் செய்கிறது. பிள்ளையின் தமிழ் ஒரு முழு இலக்கணம். பள்ளிக்கு வரும் முன்பே அது ‘ஒரு’வையும் ‘அந்த’வையும் இடம் தவறாமல் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. புது மொழியை அதன் பக்கத்தில் வைத்து, இங்கே ஒத்துப்போகிறது, இங்கே பிரிகிறது என்று காட்டுவதற்கு வாரத்தில் அரைமணி போதும். மீதி நேரமெல்லாம் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும்.

அக்காவின் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. போன மாதம் ஒரு மாலையில் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் தரையில் உட்கார்ந்து இஃப் கிளாஸ் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ‘இஃப்’ கூட்டல் ‘ஹேட்’ கூட்டல் மூன்றாம் வடிவம், பிறகு ‘வுட் ஹாவ்’ கூட்டல் மூன்றாம் வடிவம் என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டைப் படித்தாள்: ‘இஃப் ஹி ஹேட் நோன், ஹி வுட் ஹாவ் கம்’. நான் வாயைத் திறக்கும் முன், தையல் இயந்திரத்தின் மிதி நின்றது. அக்கா திரும்பிப் பார்த்து, “இன்னொரு தடவ படி” என்றார். அவள் படித்தாள்.

“தெரிஞ்சிருந்தா வந்திருப்பான்,” என்றார் அக்கா. “அவனுக்குத் தெரியல, அதனால வரல. அதானே?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். தெரிந்து, இருந்தால், வந்து, இருப்பான். இரண்டு மொழியிலும் அசைக்கு அசை அதே கட்டுமானம். இத்தனை ஆண்டுகள் வகுப்பு நடத்திய எனக்கு அது அதுவரை தோன்றியதில்லை.

அக்கா துணியை ஊசிக்கடியில் நேராக வைத்து, மிதியில் மீண்டும் காலை வைத்தார்.

“அடுத்ததப் படி,” என்றார்.